கணியம்பாடி டு வேலூர் கோட்டை... தனியாக ஒரு நாள்!

வேலூரில் வந்து இறங்குகிறவர்களில் பலருடைய கையில் ஒரு ஃபைல் இருக்கும். ஸ்கேன் படம் வைத்த பெரிய கவர், மருந்துச் சீட்டுகள், தோளில் ஒரு தலையணை மூட்டை. மேற்கு வங்கம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, நேராக சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிற கூட்டம் அது. காந்தி ரோட்டில் நடந்தால் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய போர்டுகளைப் பார்க்கலாம்.

வேலூரைச் சுற்றியிருக்கும் கிராமத்துக்காரர்களுக்கும் இந்த ஊர் என்றால் ஆஸ்பத்திரி, மார்க்கெட், ஜவுளிக்கடை, கலெக்டர் ஆபீஸ் அவ்வளவுதான். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே 133 ஏக்கரில் ஒரு கோட்டை நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பஸ் பிடித்து வீடு திரும்பிவிடுவார்கள்.

கணியம்பாடியைச் சேர்ந்த அந்த அம்மாவும் அறுபத்தோரு வயது வரை அப்படித் திரும்பியவர்தான்.

27 வருடங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். பிள்ளைகளைக் கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துப் போகிற நாளென்றால், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து பெரிய அண்டாவில் புளிசோறு கிளறிக் கட்டிக் கொடுப்பார். வேனில் அவருக்கு இடம் இருந்ததில்லை. சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு மதியம் சோறு போட யாராவது இருக்க வேண்டுமே! சாயங்காலம் திரும்பி வரும் பொடிசுகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கதை கதையாகச் சொல்லும். ‘ஆயா, அகழி முழுக்க முதலை இருந்துச்சாம்!’, ‘ஆயா, தூணுல குதிர நிக்குது!’

போன வருடம் ஓய்வு பெற்றார். இந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, “நாளைக்குக் கோட்டைக்குப் போய்ட்டு வரேன்” என்று வீட்டில் சொன்னார்.

“யாரு கூட?” என்றார் கணவர்.

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

“தனியாவா? கோட்டையில இன்னா கீது?”

“அதப் பாக்கத்தான் போறேன்.”

மலை அடிவாரத்திலிருந்து...

வேலூரிலிருந்து ஆரணி, திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கும் ஊர் கணியம்பாடி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் சின்னதாக ஒரு ஸ்டேஷனும் உண்டு. ஊரில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர் கண்ணில் படும். மலையிலிருந்து சாமையும் தேனும் புளியும் பலாவும் இறங்கி வரும். அமிர்திக் காட்டுப் பக்கம் பிறக்கும் நாகநதி இந்தப் பகுதி வழியாகத்தான் ஓடுகிறது. வருடக்கணக்கில் வறண்டு கிடந்த அந்த நதியின் படுகையில், 100 நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறுகளை அமைத்தார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் மறுபடி நீர் ஊறிய கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணி. துணிப்பையில் ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடித்து வைத்த ஒரு டவல். கணவருக்கு மதியச் சாப்பாட்டை ஹாட்பாக்ஸில் போட்டு மூடி வைத்தாயிற்று. டவுன் பஸ் வந்தது. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

“எங்கம்மா போகணும்? ஆஸ்பத்திரியா, மார்க்கெட்டா?” என்றார் கண்டக்டர்.

“கோட்டைக்குப்பா.”

“கோட்டையில யாரம்மா கீறாங்க?”

“யாரும் இல்லப்பா. சுத்திப் பாக்கப் போறேன்.”

கண்டக்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வழியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி வருகிறது. பிறகு பாகாயம். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகமும், ‘சாட்’ என்று எல்லோரும் அழைக்கும் சமுதாய நல மருத்துவமனையும் இங்கேதான் இருக்கின்றன. கணியம்பாடி ஒன்றியத்து கிராமங்களுக்கு இங்கிருந்து நர்ஸ்கள் வீடு வீடாக வருவது பல பத்தாண்டுப் பழக்கம். அந்த அம்மாவின் மூன்று பிள்ளைகளும் பிறந்தது இங்கேதான். ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். இன்றைக்கு இங்கே இறங்க வேண்டியதில்லை.

அகழியும் அழுக்குத்துணி மூட்டையும்

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அகழி. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கருங்கல் மதில், கொத்தளங்கள். 16-ம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட சின்ன பொம்மி நாயக்கரும் திம்ம ரெட்டி நாயக்கரும் எழுப்பிய கோட்டை இது. பின்னாளில் விஜயநகரத்தின் கடைசி வம்சமான ஆரவீடு மன்னர்களுக்குத் தலைநகராகவும் இருந்தது. அதன் பிறகு பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காடு நவாப், ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஹைதர் அலி 1780 முதல் இரண்டு வருடங்கள் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் போனது.

அகழியில் ஆயிரக்கணக்கில் முதலைகளை விட்டிருந்தார்களாம். இன்றைக்கு அதில் மேகம்தான் மிதக்கிறது. பிள்ளைகள் சொன்ன முதலையை அந்த அம்மா கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

இந்த மதிலுக்குள் 1614-ல் ஒரு பயங்கரம் நடந்தது. வாரிசுச் சண்டையில் ஜக்கராயன் என்பவன் மன்னர் ஸ்ரீரங்கனையும் அவருடைய குடும்பத்தையும் சிறைவைத்து, கடைசியில் கொன்றே விட்டான். தப்பியது ஒரே ஒரு பிள்ளை, ராமதேவன். மன்னருக்கு விசுவாசமான யாசம நாயக்கரின் ஏற்பாட்டில், சலவைத் தொழிலாளி ஒருவர் அழுக்குத்துணி மூட்டைக்குள் அந்தச் சிறுவனை வைத்து வெளியே கொண்டுபோனார். போர்ச்சுகீசியப் பாதிரியார் பர்ராதாஸ் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் பிறகு போரில் வென்று அரியணை ஏறியது. அவனைச் சுமந்துபோன தொழிலாளியின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தூணில் நிற்கும் குதிரை

ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஏழு நிலைகள். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கல்யாண மண்டபம். யாளிகள், முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகள், குதிரைமேல் வீரர்கள், குதிரையின் காலடியில் இன்னொரு உருவம் என்று ஒவ்வொரு தூணும் ஒரே கல்லில் செதுக்கியது. விதானத்தைப் பார்க்கக் கழுத்தை முழுக்க வளைக்க வேண்டும். இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஆங்கிலேயர்கள் திட்டமிட்டார்கள் என்றும், ஏற்றிப்போக வந்த கப்பல் வழியிலேயே மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு கதை உண்டு.

மண்டபம் தப்பியது. மூலவர்தான் நெடுங்காலம் இல்லை. போர்களுக்கு நடுவே லிங்கம் வெளியேற்றப்பட்டு, கோயில் வழிபாடே இல்லாமல் கிடந்தது. ஒரு காலத்தில் வெடிமருந்துக் கிடங்காகக்கூட இருந்தது. 1981 மார்ச்சில், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர் மக்கள் கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடம் என்பதால் அப்போது அது பெரிய செய்தி. ‘ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எங்க அப்பா, கோட்டைக்கு சாமி வந்துட்டார்னு சொன்னார்’ என்பது அந்த அம்மாவின் ஞாபகம். அப்போது அவர் பள்ளிக்கூடப் பெண்.

கோயிலிலிருந்து வெளியே வந்தால் அதே வளாகத்தில் ஒரு பள்ளிவாசல். 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இன்னொரு பக்கம். ஒரே மதிலுக்குள் மூன்றும் நிற்கின்றன.

தலைப்பாகை மூட்டிய தீ

கொஞ்சம் தள்ளி திப்பு மகால், ஹைதர் மகால். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, அவருடைய குடும்பத்தை ஆங்கிலேயர்கள் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள்.

வேலூர்ப் புரட்சியைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நடந்த இடத்தில் நின்று யோசிக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தளபதி ஜான் கிரடாக் புது உத்தரவு போடுகிறார். இந்தியச் சிப்பாய்கள் நெற்றியில் மதச் சின்னம் இடக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சேர்த்தே விழுந்த அடி. மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 90 கசையடி.

1806 ஜூலை 9-ம் தேதி கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கூட்டத்தில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படையில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கோட்டைமேல் மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆனால், சில மணி நேரம்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் குதிரைப்படை பாய்ந்து வந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்தியே சுட்டார்கள்.

உடை உத்தரவு ரத்தானது. கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. 1857 பெரும் கிளர்ச்சிக்கு 51 வருடங்களுக்கு முன்பே நடந்தது இது. கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது. 2006-ல் இருநூறாவது ஆண்டை ஒட்டி தபால்தலையும் வெளியானது.

இதையெல்லாம் ஒரு கல்லூரி மாணவர் தன் நண்பர்களுக்குச் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். “நல்லா சொல்ற தம்பி, இன்னொரு வாட்டி அந்தத் தலைப்பாகை விஷயத்தைச் சொல்லு” என்று கேட்க, பையன் வெட்கத்தோடு மறுபடி சொன்னான்.

அப்போது போன் அடித்தது. கணவர்.

“பெருங்காயம் எங்க வெச்சிகிற?”

“எதுக்குப் பெருங்காயம்? சோறு, கொழம்பு எல்லாம் ஹாட்பாக்ஸ்ல கீதே?”

“மோருக்கு.”

“ரெண்டாவது தட்டு, நீல டப்பா. நான் கோட்டையில கீறேன். அப்புறம் பேசறேன்.”

புல்வெளியில் புளிசோறு

மதியம் ஒரு மணி. மரத்தடி நிழலில் டவலை விரித்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸில் இருந்தது புளிசோறுதான். மலைப் புளி, நல்லெண்ணெய், வறுத்த வேர்க்கடலை. எத்தனையோ வருடம் இந்தப் புல்வெளிக்கு அவருடைய கைச்சமையல் வந்திருக்கிறது. அவர் இங்கே உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் முறை.

பக்கத்து மரத்தடியில் ஒரு வங்காளப் பெண்மணி. மடியில் அதே ஃபைல். டெஸ்ட் ரிசல்ட் சாயங்காலம்தான் வரும், அதுவரை லாட்ஜ் அறைக்குள் அடைந்து கிடக்க முடியாமல் கோட்டைக்கு வந்திருக்கிறார் என்பது சைகையிலேயே புரிந்துவிட்டது. கணியம்பாடி அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. டிபன் பாக்ஸ் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து நீட்டினார். முதலில் வேண்டாமென்று தலையாட்டியவர், வாங்கி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் புளிப்பில் கண்ணைச் சுருக்கினார். பிறகு மூடி காலியாகும்வரை நிறுத்தவில்லை. பதிலுக்கு அவருடைய பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு வந்தது.

ஃபைலைத் தொட்டு, “யாருக்கு?” என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண்மணி கையை இடுப்பளவு உயரத்தில் காட்டினார். பிள்ளை.

இந்த ஊர் நூறு வருடங்களுக்கும் மேலாக இப்படிப்பட்டவர்களை வரவேற்றுக்கொண்டிருக்கிறது. ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கட்டர், 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு இங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த குடும்பங்களில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்த பிறகு டாக்டருக்குப் படித்தவர் அவர். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்ததுதான்.

கிளம்பும்போது கணியம்பாடி அம்மா கோயில் திசையைக் காட்டிக் கைகூப்பினார். வங்காளப் பெண்மணியும் கைகூப்பினார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்டி ராஜாவின் சதுரங்கம்

கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரைக் காக்கப் போராடி இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள், கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், பழைய ஆயுதங்கள், காசுகள். எல்லாவற்றையும்விட நின்று பார்க்க வைப்பது தந்தத்தில் செய்த ஒரு சதுரங்கப் பலகையும் காய்களும். இலங்கையின் கடைசி மன்னர் விளையாடியது!

அவர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்தில் கடைசியானவர். இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த வருடம் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1832 ஜனவரி 30-ல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 16 வருடங்கள் இந்த மதிலைத் தாண்டி அவருக்கு வாழ்க்கை இல்லை. அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது, பொழுது போகாத ஒரு மனிதனின் நீண்ட மதியங்கள் நினைவுக்கு வரும்.

அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. 1990-ல் தமிழக அரசு அங்கே முத்து மண்டபம் கட்டியது. ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். கூட்டம் இல்லை, சத்தம் இல்லை. மன்னரும் அவர் குடும்பத்தாரும் அங்கே அடக்கம். பக்கத்தில் பாலாறு, பெரும்பாலும் மணல்தான். பிறந்த ஊர் வேறு, ஆண்ட நாடு வேறு, அடங்கிய இடம் இந்த மணல் கரை. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சமாதிகளை ஒருமுறை சுற்றிவந்தார்.

“நிறைய பேர் வருவாங்களாப்பா?” என்று ஆட்டோக்காரரிடம் கேட்டார்.

“எப்பனா ஒருத்தர் ரெண்டு பேர்மா. சிலோன்காரங்க வந்தா அழுதுட்டுப் போவாங்க.”

முள்ளு கத்திரிக்காயோடு வீட்டுக்கு

மாலை நாலரைக்கு நேதாஜி மார்க்கெட். வேலூர் வந்துவிட்டு முள்ளு கத்திரிக்காய் வாங்காமல் போகலாமா? அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடியில் விளைகிற காய் இது. காம்பில் முள் இருக்கும், கை வைக்கும்போது ஜாக்கிரதை. எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு இதை அடிக்க வேறு காய் கிடையாது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி போன். பெருங்காய டப்பா கிடைத்ததா என்று இவர் கேட்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து கணவர் முந்திக்கொண்டார்.

“முதல இருந்துச்சா?”

“இல்ல. ராஜா இருந்தார்.”

“எந்த ராஜா?”

“வந்து சொல்றேன். பெரிய கதை. உலை வெச்சி வை.”

பஸ் பாகாயம் தாண்டும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ஜவ்வாது மலை நீலமாக எழுந்தது. அடுத்த தடவை போகவேண்டிய இடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார் அவர். அமிர்தி, கணவரோடு. டெல்லி கேட்டைத் தாண்டி ஆற்காடு, தனியாக.

நீங்களும் போகலாம்!

* கணியம்பாடியிலிருந்து வேலூர் 15 கிலோமீட்டருக்குள்தான். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்க வேண்டும்.

* காலையிலேயே போய்விடுங்கள். கோயில் நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் நுழைவது நல்லது. அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

* கோடை வேலூரைத் தவிர்க்கலாம். வெயிலுக்குப் பேர்போன ஊர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுற்ற ஏற்ற காலம்.

* இன்னொரு நாள் கையில் இருந்தால், திருமலைக்கோடியில் ஸ்ரீபுரம் பொற்கோயில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி வன உயிரியல் பூங்கா இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அமிர்திக்குக் கணியம்பாடி வழியாகத்தான் போக வேண்டும்.

* தனியாகப் போகும் பெண்கள் ஆட்டோவில் ஏறும் முன் போக வர சேர்த்தே வாடகை பேசிக்கொள்ளுங்கள். முத்து மண்டபத்திலிருந்து திரும்ப வண்டி கிடைப்பது சிரமம்.

* சாப்பாட்டுக்குக் கோட்டையைச் சுற்றி ஹோட்டல்கள் நிறையவே உண்டு. ஆனாலும் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். பக்கத்து மரத்தடியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.